உயிர்வேலிக்கு அடியில் 26 வளைவாய்கள்: ஃபெரெட் விட்டுக் குழிமுயல் பிடிக்கும் ஒரு நாளின் ஆய்வு

தென் இங்கிலாந்தில் ஒரு கோதுமை வயல். ஜனவரி கடைசி வாரம். வயலின் வடக்கு ஓரத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்கரை, அதன்மேல் முள்மரங்கள் அடர்ந்த உயிர்வேலி. கரையில் எண்ணினால் 26 வளைவாய்கள். வேலியை ஒட்டிப் பதினைந்து மீட்டர் அகலத்துக்குப் பயிர் தரையோடு தரையாக மேயப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒழுங்காக நிற்கிறது. குழிமுயல் முடிந்தவரை வளைக்குப் பக்கத்திலேயே மேயும். சேதம் ஓரத்தில் கனத்து உள்ளே போகப் போக மெலிந்தால் வளை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஏழு முதல் பத்து முயல்கள் சேர்ந்தால் ஒரு செம்மறியாடு தின்பதைத் தின்றுவிடும் என்பது அங்குள்ள உழவர்களின் கணக்கு.

இந்தக் கரையை மூன்று ஆட்கள், இரண்டு பெண் ஃபெரெட், ஒரு ஆண் ஃபெரெட், ஒரு நாய் ஆகியவற்றோடு ஒரே பகலில் காலி செய்வதே எடுத்துக்கொண்ட வேலை. ஃபெரெட் என்பது வளைக்குள் நுழைந்து முயலை வெளியே விரட்டப் பழக்கிய சிறு விலங்கு; பாய்ந்து வரும் முயல் வளைவாயில் விரித்த வலையில் விழும். இதை ஏதோ ஒரு பண்ணையில் ஒரு தேதியில் நடந்ததன் பதிவாகக் கொள்ள வேண்டாம். அந்நாட்டுக் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலையை, அதில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளோடு, ஒரே நாளுக்குள் கோத்த மாதிரி இது. எண்கள் இந்த அளவுள்ள கரைக்குப் பொருந்தும்படி வைத்தவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வலையில் விழுந்தவை 10 முயல்கள். தோண்டி எடுத்தவை 2. தப்பி ஓடியவை 2. காலை ஒன்பதுக்குத் தொடங்கிய வேலை பிற்பகல் இரண்டரைக்கு முடிந்தது. அதில் ஒன்றேமுக்கால் மணி நேரம், உள்ளே போய்த் திரும்பி வராத ஒரே ஒரு ஃபெரெட்டுக்காகச் செலவானது. அது ஏன் வரவில்லை, அந்த இரண்டு முயல்கள் எந்த வழியாகத் தப்பின என்பவைதான் இங்கே முக்கியம். இரண்டுக்கும் காரணம் ஃபெரெட்டிடம் இல்லை.

விலங்கும் வளையும்

ஃபெரெட் பார்வைக்கு ஒரு சின்னக் கீரிப்பிள்ளை போலத் தெரியும். ஆனால் உறவு நீர்நாயின் குடும்பத்தோடு. ஐரோப்பியக் காடுகளில் வாழும் போல்கேட் என்ற விலங்கை மனிதர் பழக்கி வளர்த்த வடிவம் இது; பழக்கி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெண் முக்கால் கிலோ வரும், ஆண் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை. ஸ்பெயின் பகுதியில் இப்படியொரு விலங்குக்கு வாய்க்கட்டுப் போட்டு முயல் வளைக்குள் விட்டதைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார். பலேரிக் தீவுக்காரர்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸ் பேரரசரிடம் படையுதவி கேட்டதையும், அங்கே முயல் பிடிக்க இந்த விலங்குக்கு இருந்த மதிப்பையும் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். பிரிட்டனுக்குக் குழிமுயலை வளர்ப்பு இறைச்சிக்காகக் கொண்டுவந்து பெருக்கியவர்கள், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள். 1390-இல் வந்த ஒரு சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமான நிலம் இல்லாத குடியானவன் வேட்டை நாயோ ஃபெரெட்டோ வலையோ வைத்திருக்கக் கூடாது என்றது. ஏழையின் சட்டியில் முயல் வேகாமல் இருக்க அரசு தடுத்த பொருள்களில் ஒன்றாக ஃபெரெட் இருந்தது என்பதே அது எவ்வளவு பயன்பட்டது என்பதைக் காட்டும்.

தமிழ் வாசகர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நம் காட்டு முயல் வேறு, இந்தக் குழிமுயல் வேறு. நம்முடையது வளை தோண்டாது. புதரடியில் உடல் படிந்த பள்ளத்தில் படுத்திருக்கும், ஆபத்து வந்தால் வெட்டவெளியில் ஓடித் தப்பும். அதனிடம் ஃபெரெட்டுக்கு வேலையே இல்லை. மேலும் இந்தியாவில் காட்டு முயலைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குழிமுயலோ கூட்டமாக, ஒன்றோடொன்று இணைந்த சுரங்கங்களில் வாழ்கிறது. ஆபத்து வெளியே என்றால் உள்ளே ஓடும், ஆபத்து உள்ளே என்றால் வெளியே பாயும். முறை முழுவதும் இந்த ஒரு குணத்தின்மேல் நிற்கிறது. உள்ளே இருப்பதைவிட வெளியே பயமாக இருக்கிறது என்று முயல் நினைத்துவிட்டால், எத்தனை நல்ல ஃபெரெட் இருந்தும் அது வெளியே வராது.

நாள் குறிப்பது

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரைதான் காலம். அதற்கு முன் கரையெல்லாம் செந்தட்டியும் முட்கொடியும் மூடியிருக்கும், வளைவாய் கண்ணில் படாது. அதற்குப் பின் வளைக்குள் குட்டிகள் இருக்கும். கண் திறக்காத குட்டிகள் ஓடாது. ஃபெரெட் அங்கேயே கொன்று, தின்று, சுருண்டு தூங்கிவிடும். குழிமுயலுக்கு ஏறத்தாழ 30 நாளில் குட்டி, ஜனவரியிலேயே இணைசேர்க்கை தொடங்கிவிடும் என்பதால் பிப்ரவரி கடைசியிலேயே இந்தச் சிக்கல் தலைகாட்டும். அதனால் இரண்டு மூன்று உறைபனி விழுந்து செடிகொடி பட்டுப்போன பிறகு, குட்டிகள் வருவதற்கு முன், அதாவது டிசம்பரும் ஜனவரியும்தான் உகந்த மாதங்கள்.

குளிர்ந்த, காய்ந்த, காற்று அதிகமில்லாத காலை வேண்டும். பலத்த காற்றிலும் அடைமழையிலும் முயல் வெளியே வரத் தயங்கும். கண் வீங்கிய முயல்கள் வளைவாயில் மந்தமாக உட்கார்ந்திருந்தால் மிக்சோமாடோசிஸ் நோய் பரவியிருக்கிறது. 1953-இல் பிரிட்டனுக்குள் வந்து பெரும்பாலான முயல்களைக் கொன்ற நோய் இது, இன்றும் அவ்வப்போது தலைதூக்கும். அப்படிப்பட்ட கரையில் அன்றைக்கு ஃபெரெட் வேலை வைப்பதில்லை. நோய்கண்ட முயல் பாயாது, உள்ளேயே சாகும்.

இடத்தை முந்தைய நாளே பார்த்தாக வேண்டும். புது மண் தள்ளியிருப்பது, வழவழப்பாகத் தேய்ந்த வாய், ஈரம் காயாத புழுக்கை, சிலந்திவலை இல்லாமை ஆகியவை முயல் குடியிருப்பதற்கு அடையாளம். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, பேட்ஜர் என்ற வலிய வளைவாழ் விலங்கின் வளை. கரையில் ஒரு வாய் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஒரு சாண் அகலத்துக்கு மேல், படுக்கவைத்த அரைவட்டம் போல இருந்து, வெளியே மண்குவியலில் காய்ந்த புல் கலந்து கிடந்தால் வேலையை அங்கேயே கைவிட வேண்டும். பேட்ஜர் ஃபெரெட்டைக் கொன்றுவிடும். அது தவிர, அதன் வளையைக் குலைப்பது 1992-ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. நிலக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முயல் பிடிக்கும் உரிமை 1880-ஆம் ஆண்டின் சட்டப்படி நிலத்தைப் பயிரிடுபவருக்கு உண்டு. 1954-இன் பூச்சி, விலங்குத் தொல்லைச் சட்டம் முயலைக் கட்டுப்படுத்துவதை அவர் கடமையாகவே ஆக்குகிறது. வேட்டைக்காரர் அவருடைய அனுமதியில் மட்டுமே கரையில் கால் வைக்கிறார்.

சாமான்

இந்தக் கரைக்கு எடுத்துப்போனவை: பைவலை 36, உதிரி முளைகள் ஆறு, மண்ணுக்குள் ஃபெரெட் இருக்கும் இடத்தைக் காட்டும் மூன்று கழுத்துப்பட்டை லொகேட்டரும் அவற்றின் ஒலியைப் பிடிக்கும் ஒரு கைக்கருவியும், நீண்ட பிடியும் ஒடுங்கிய இலையும் கொண்ட மண்வெட்டி ஒன்று, ஐந்தடி இரும்புக் குத்துக்கம்பி, கிளை வெட்டும் கத்தரி, காய்ந்த புல் பரப்பிய மரப்பெட்டி, தண்ணீர். 26 வாய்க்கு 36 வலை அதிகமில்லை. மறைந்திருக்கும் வாய்கள் எப்போதும் நாலைந்து இருக்கும். முயல் விழுந்த வலையைப் பிரித்துக்கொண்டிருக்கையில் அதே வாயில் உடனே வேறொன்று போடவும் உதிரி வேண்டும்.

பைவலை ஏறக்குறைய நாலடி நீளம். கண்ணியின் அகலம் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர். முயல் மாட்டும், ஃபெரெட் நுழைந்து வெளியேறும். இதைவிடச் சிறிய கண்ணியில் ஃபெரெட்டும் சிக்கி, ஒவ்வொரு முறையும் வலை சுருங்கிவிடும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்பு வளையம், சுற்றிலும் ஓடும் ஒரு சுருக்குக் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு மரமுளை. முயல் பாய்ந்து நடுவில் மோதியதும் வளையங்கள் நெருங்கி, வலை பையாகச் சுருங்கும். நைலான் வலை இலேசு, அழுகாது, விலை குறைவு. ஆனால் காற்றில் தூக்கும், சுள்ளியில் மாட்டும். சணல் வகை நூலில் பின்னிய வலை கனமாகத் தரையோடு படிந்து கிடக்கும், ஆனால் நனைந்தபடி மூட்டையில் வைத்தால் ஒரே பருவத்தில் இற்றுப்போகும். கரையில் சுள்ளி அதிகமிருந்தால் சணல்தான் எங்கள் தேர்வு. வீடு திரும்பியதும் விரித்துக் காயவைக்க நேரம் ஒதுக்க முடியாதவர்கள் நைலானோடு இருப்பதே நல்லது.

ஃபெரெட்டுக்கு முந்தைய மாலை முழு உணவு, காலையில் சிறிது. பட்டினி போட்டால் வேட்டை நன்றாக நடக்கும் என்று நினைப்பது பழைய பிழை. பசித்த ஃபெரெட் முதல் முயலைக் கொன்று தின்ன உட்கார்ந்துவிடும். வாய்க்கட்டுப் போடுவதும் முன்பு வழக்கம். இன்று பொதுவாகப் போடுவதில்லை, போடக் கூடாது. கட்டோடு தொலைந்த ஃபெரெட் எலி கடித்தாலும் எதிர்க்க முடியாது, உணவு கிடைத்தாலும் தின்ன முடியாது. நிறத்தில் வெள்ளையே வசதி. மண்நிற ஃபெரெட் பட்ட இலைகளுக்கு நடுவே நின்றால் நாயே கூடக் குழம்பும்.

லொகேட்டரின் பேட்டரியைப் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு பட்டையையும் தரையில் வைத்து நாலைந்து அடி தூரத்திலிருந்து ஒலி வருகிறதா என்று சோதித்த பிறகே கழுத்தில் கட்ட வேண்டும். இரண்டு விரல்நுனி நுழையும் தளர்வு போதும். இறுகினால் மூச்சு திணறும், தளர்ந்தால் வேரில் மாட்டிக் கழன்று மண்ணுக்குள் தங்கிவிடும். பிறகு ஃபெரெட் வெளியே நிற்கும், ஆட்கள் வெறும் பட்டையை நோக்கித் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

வலை விரித்தல்

மூவரும் காற்றுக்கு எதிர்ப்புறமிருந்து, பேசாமல் கரையை அணுகினார்கள். கார் கதவைச் சாத்தும் சத்தத்தை வயல் தள்ளியே முடித்துவிட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் முயல் பேச்சைவிடக் காலடி அதிர்வைத்தான் முதலில் உணரும். ஆகவே கரையின்மேல் ஏறக் கூடாது, பக்கவாட்டில் மட்டும் நடக்க வேண்டும். இந்த விதியைப் பிறகு ஒருவர் மீறினார், அதற்கு வருவோம்.

வலை விரிக்கும் விதம் இது. முதலில் முளையை வாய்க்கு மேலே உறுதியான மண்ணில் அடிக்காமல் கையால் அழுத்திப் புதைக்க வேண்டும். சுத்தியல் ஓசை கரை முழுவதும் கேட்கும். கீழ் வளையத்தை வாயின் கீழுதட்டில் வைத்து, மேல் வளையத்தை மேலுதட்டுக்குக் கொண்டுபோய், நடுப்பகுதியை வாயைச் சுற்றி ஒரு சாண் மிஞ்சும்படி விரிக்க வேண்டும். சுருக்குக் கயிறு வலையின் ஓரத்தில் தடையில்லாமல் ஓடுகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவசியம். ஒரு சுள்ளி கயிற்றில் மாட்டியிருந்தால் வலை பாதியில் நின்றுவிடும், முயல் பக்கவாட்டில் நழுவிப்போகும். தளர்ந்த மண்ணில் நட்ட முளையைப் பிடுங்கி வலையையும் சேர்த்து முயல் இழுத்துக்கொண்டு ஓடுவதும் சாதாரணம். அத்தகைய இடத்தில் முளையைப் பக்கத்து வேரில் கோத்துவிட வேண்டும்.

தெரிந்த 26 வாய்க்கும் வலை போட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. மறைந்த வாய்களைத் தேட நாயை விட்டார்கள். பழகிய லர்ச்சர் (கலப்பின வேட்டை நாய்) முயலிருக்கும் வாயில் மூக்கை வைத்துத் தலையைச் சாய்த்து அசையாமல் நிற்கும். முயல் இல்லாத வாயைத் தாண்டிப்போகும். அது மூன்று மறைவாய்களைக் காட்டியது. இவற்றுக்கு வெளியே மண்குவியல் இருக்காது, ஏனென்றால் உள்ளிருந்து மேல்நோக்கித் தோண்டி, புல்லுக்குள் திறந்தவை. அவசரத்தில் தப்புவதற்காகவே முயல் வைத்திருக்கும் வழிகள் இவை.

தவறு இங்கே நடந்தது. வேலியின் மறுபக்கத்தில், கரையிலிருந்து நாலு மீட்டர் விலகி, ஒரு முட்கொடிப் புதர் இருந்தது. கரையிலிருந்து தனியாக இருக்கிறதே என்று அதை யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. அடியில் ஒரு வாய் இருந்தது. காலை பத்தே காலுக்கு அதன் வழியே இரண்டு முயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. புதர் இருக்கும் பக்கத்தில் பைவலையை நம்ப முடியாது. 25 கெஜ நீள்வலை ஒன்றை வேலிக்கு இணையாக, ஐந்து கெஜத்துக்கு ஒரு கோல் வீதம், தளர்வாக நிறுத்தியிருக்க வேண்டும். நீள்வலையைக் கட்டும்போது நூற்பின்னல் அதன் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு இருக்கும்படி மடித்து விடுவார்கள். அந்தத் தளர்வுதான் முயலைச் சுற்றிக்கொள்கிறது. வேலிபோல் இறுக்கிக் கட்டினால் முயல் மோதித் திரும்பிவிடும்.

உள்ளே விடுதல்

ஒன்பதே முக்காலுக்கு முதல் பெண் ஃபெரெட்டைக் கிழக்கு ஓரத்து வாயில் விட்டார்கள். வலையின் ஓரத்தைத் தூக்கி, ஃபெரெட்டைத் தரையில் வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். தள்ளக் கூடாது. அது ஒருமுறை உடலை உதறி, மோந்து, தானாகப் போகும். ஆட்கள் வாய்களுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், நிழல் விழாதபடி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து பார்க்கும் முயலுக்கு வாயின் வெளிச்சத்தில் ஒரு உருவம் தெரிந்தால் போதும், திரும்பிவிடும்.

சில நிமிடத்தில் மண்ணுக்குள் தம்தம் என்ற ஓசை. முயல் பின்னங்காலால் தரையை அடித்து மற்றவற்றை எச்சரிக்கும் ஒலி அது. அரை மணி நேரத்தில் ஏழு முயல்கள் வலையில் விழுந்தன. ஒவ்வொன்றையும் வலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, பின்னங்கால்களை ஒரு கையிலும் தலையின் பின்புறத்தை மறு கையிலும் பற்றி, நீட்டி இழுத்தபடியே தலையைப் பின்னுக்கு மடக்கினால் கழுத்தெலும்பு நொடியில் விலகி உயிர் போய்விடும். இதில் தயங்குபவர் முயலை வதைக்கிறார். கை பழகாதவர் கூட இருக்கும் பழகியவரிடம் கொடுத்துவிட வேண்டும். வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அதே வாயை உதிரி வலையால் மூட வேண்டும், அல்லது குறைந்தது ஒரு காலால் அடைத்து நிற்க வேண்டும். இரண்டாவது முயல் பல சமயம் முதலாவதற்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்.

ஃபெரெட் வாய்க்கு வரும்போது எட்டிப் பிடிக்கக் கூடாது. முழு உடலும் வெளியே வரட்டும், பிறகு அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். ஒருமுறை கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்த ஃபெரெட் அடுத்த முறை வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே நின்று எட்டிப் பார்க்கும், கை நீண்டால் பின்வாங்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது மிகக் கடினம். நல்ல விலங்குகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

திரும்பி வராதது

பத்தரை மணிக்குள் நடந்த இரண்டு சிறிய செயல்கள் மீதி நாளைத் தீர்மானித்தன. புதர் வழியே இரண்டு ஓடியதைப் பார்த்த ஒருவர், அந்த வாயை மூட அவசரத்தில் கரையின்மேல் ஏறிக் குதித்தார். அது முதல். ஓட்டம் குறைந்ததைக் கண்டு, முதல் ஃபெரெட் உள்ளே இருக்கும்போதே இரண்டாவதை மேற்கு ஓரத்திலிருந்து அதே பகுதிக்குள் விட்டார்கள். அது இரண்டாவது.

மேலே காலடி அதிர்ந்ததும் மிச்சமிருந்த முயல்களுக்கு வெளியே போகும் எண்ணம் போய்விட்டது. அவை உள்ளே விலகின. கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று என்று ஃபெரெட்டுகள் நெருங்கியதும் போக வழியில்லாமல் பக்கவாட்டில் இருந்த ஒரு முட்டுச்சுரங்கத்துக்குள் நுழைந்தன. முட்டுச்சுரங்கத்தில் முயல் முகத்தைச் சுவரோடு ஒட்டி, முதுகைக் கூரையோடு அழுத்தி, பின்பாகத்தை மட்டும் வெளியே காட்டி உட்காரும். பிடரி எட்டாது. ஃபெரெட் பின்பாகத்தைச் சுரண்டும், கடிக்கும், பயன் இருக்காது. ஆனால் முயல் அங்கே இருக்கிறது என்று தெரிந்தபிறகு அதை விட்டு வரவும் வராது. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதை லை-அப் என்பார்கள். ஃபெரெட் அடம்பிடிப்பதாக, சோம்பலாக இருப்பதாகப் பலர் திட்டுவார்கள். உண்மையில் அது தன் வேலையை முழுமையாகச் செய்துகொண்டிருக்கிறது. வெளியேறும் வழியை அடைத்தவர்கள் ஆட்கள்தான்.

பதினொன்றரைக்கு இரண்டாவது ஃபெரெட் வெளியே வந்தது. கால் நகங்களில் முயல் மயிர் அப்பியிருந்தது, வாயில் ரத்தமில்லை. இதை எப்போதும் பார்க்க வேண்டும். நகத்தில் மயிர் என்றால் உள்ளே முட்டில் முயல் அடைபட்டிருக்கிறது. வாய் சிவந்திருந்தால் கொன்றாகிவிட்டது. இரண்டும் இல்லாமல் சலிப்பாக நடந்து வந்தால் அந்தப் பகுதி காலி. முதல் ஃபெரெட் மட்டும் வரவில்லை.

லொகேட்டர் இல்லாத காலத்தில் இந்த நேரத்தில்தான் ஆண் ஃபெரெட்டின் கழுத்தில் நீளக் கயிறு கட்டி உள்ளே விடுவார்கள். கயிற்றில் கெஜத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். ஆண் உருவத்தில் பெரியது. பெண்ணை விரட்டிவிட்டு முயலோடு தானே தங்கிவிடும். எத்தனை முடிச்சு உள்ளே போயிருக்கிறது என்று எண்ணி, கயிறு போன திசையில் தோண்டுவார்கள். வேர் நிறைந்த உயிர்வேலியில் கயிறு மாட்டிக்கொள்வதுதான் அந்த முறையின் குறை. இப்போது கைக்கருவியை முழு உணர்திறனில் வைத்துக் கரையோரம் நகர்ந்து, ஒலி வந்ததும் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்து, மிகக் குறைந்த அளவிலும் ஒலி கேட்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். அதை நான்கு திசையிலிருந்தும் அணுகிச் சரிபார்க்க வேண்டும். கருவி காட்டிய ஆழம் ஏறக்குறைய மூன்றடி.

உடனே தோண்டக் கூடாது. பத்து நிமிடம் காத்திருந்து, புள்ளி நகர்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். நகர்ந்தால் ஃபெரெட் இன்னும் வேலையில் இருக்கிறது, விட்டுவிடலாம். இந்த முறை புள்ளி ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

தோண்டுதல்

ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் புற்கரணையை வெட்டி, வேரோடு தனியே எடுத்துவைத்தார்கள். மண்ணைச் சாக்கின்மேல் குவித்தார்கள். புல்லில் கொட்டினால் திரும்ப நிரப்பும்போது கால்வாசி மண் காணாமல் போகும். இரண்டடி வரை மண்வெட்டி. அதன்பின் குத்துக்கம்பியை மெதுவாக, புள்ளிக்கு ஒரு சாண் விலகி இறக்கிப் பார்த்தார்கள். எதிர்ப்பு திடீரென்று விட்டுக் கம்பி நழுவினால் அங்கே சுரங்கம். நேர் புள்ளியில் கம்பி இறக்கினால் ஃபெரெட்டையே குத்திவிடலாம். கடைசி அரை அடியைக் கையால் மட்டுமே தோண்ட வேண்டும். மண்வெட்டியின் இலையால் ஃபெரெட்டின் முதுகு வெட்டுப்பட்டதும், தளர்ந்த மண் சரிந்து மூடி மூச்சடைத்ததும் இந்த அரை அடியில்தான்.

சுரங்கம் திறந்ததும் ஃபெரெட்டின் வால் தெரிந்தது. அதை எடுத்து நேராகப் பெட்டியில் வைத்தார்கள். பிறகு கையை நீட்டி முயலின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தார்கள். ஒன்று வந்ததும் நிறுத்துவது பெரிய தவறு. முட்டுச்சுரங்கத்தில் முயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்திருக்கும். கை நீளுமட்டும் துழாவியபோது இரண்டாவதும் கிடைத்தது. ஃபெரெட்டை மறுபடி உள்ளே விட்டு, அது அக்கறையில்லாமல் வெளியே வந்த பிறகுதான் குழியை மூட வேண்டும்.

மூடும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மண்ணை நேராகக் கொட்டினால் சுரங்கம் அடைபட்டு, அடுத்த பருவத்தில் இன்னொரு செயற்கை முட்டு உருவாகும். திறப்பின்மேல் ஒரு தட்டையான கல்லையோ தடித்த புற்கரணையையோ வைத்து மூடி, அதன்மேல் மண் போட்டு மிதித்து, மேற்புல்லைப் பழையபடி பதிக்க வேண்டும். உயிர்வேலியின் தடித்த வேர்களை வெட்டுவதை எந்த நிலக்காரரும் விரும்பமாட்டார். வேர் குறுக்கே வந்தால் பக்கவாட்டில் நகர்ந்து தோண்டுவதற்கு ஆகும் அரை மணி நேரம் வீண் அல்ல.

ஒன்றேகாலுக்கு இந்த வேலை முடிந்தது. ஒரு மணி நேரம் கரையை அமைதியாக விட்டுவிட்டு, இரண்டாவது பெண்ணை மட்டும் தனியாக மேற்குப் பகுதியில் விட்டார்கள். மூன்று முயல்கள் தாமாகப் பாய்ந்தன. ஓய்வும் ஒற்றை ஃபெரெட்டும் கொடுத்த பலன் இது. பத்தரை மணிக்கே இதைச் செய்திருந்தால் தோண்டியிருக்கவே தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

பிடித்த முயல், தொலைந்த ஃபெரெட்

கொன்றவுடன் முயலின் அடிவயிற்றை விரலால் வால்பக்கம் தடவி அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சியில் வாடை ஏறும். ஒரு பின்னங்காலின் நரம்பிடுக்கில் கீறி, மறு காலை அதற்குள் கோத்து, கோலில் தொங்கவிட்டால் காற்றுப்பட்டு ஆறும். சூட்டோடு சாக்கில் அடுக்கினால் ஒன்றின் வெக்கை மற்றதைக் கெடுத்து, வயிறு பச்சையாகிவிடும். குடலை எடுக்கும்போது ஈரலைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் படர்ந்த ஈரலைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம், ஃபெரெட்டுக்கும் கொடுப்பதில்லை.

ஃபெரெட் கிடைக்காமல் இருட்டிவிடும் நாளும் வரும். எல்லா வாய்களையும் மண்ணால் அடைத்து, ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, அதன்முன் அதன் சொந்தப் பெட்டியை, பழைய படுக்கைப் புல்லோடும் முயல் ஈரலோடும் வைத்துவிட்டுப் போக வேண்டும். விடியுமுன் வந்தால் பெரும்பாலும் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். போனால் போகிறது என்று விட்டுவிடுவதை மட்டும் ஏற்க முடியாது. தனித்துவிடப்பட்ட விலங்கு படும் பாடு ஒரு பக்கம். மறுபக்கம், 1880-களில் நியூசிலாந்தில் முயலைக் கட்டுப்படுத்துவதற்காக ஃபெரெட்டுகளை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்கள். முயல் குறையவில்லை; தரையில் கூடு கட்டும் பறவைகள் அழிந்துகொண்டே வந்தன. இன்று அந்நாட்டில் ஃபெரெட்டை விற்பதும் இனம்பெருக்குவதும் தடை. வட அயர்லாந்தின் ராத்லின் தீவிலும் முயலுக்காக விட்ட ஃபெரெட்டுகள் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னத் தொடங்க, அவற்றைக் கடைசி ஒன்று வரை பிடிக்கத் தனித் திட்டமே போட வேண்டிவந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃபெரெட்டுகளின் கண்ணோரம், மூக்கு, நகயிடுக்குகளை ஈரத்துணியால் துடைத்து மண் நீக்க வேண்டும். முயல் உதைத்த காயம் விலாவில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, முயலின் தலையோ முன்காலோ கொடுத்து, காய்ந்த புல்லில் விட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கரைக்கு ஒருவர் மட்டும் போய், எல்லா வாய்களிலும் குறுக்கே இரண்டு புல்தாளை நட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை மூன்று வாய்களில் தாள் சாய்ந்திருந்தது. மூன்றும் முட்கொடிப் புதருக்குப் பக்கத்தில். தப்பிய இரண்டும் திரும்பியிருந்தன. இந்த முறை புதரைச் சுற்றி நீள்வலை, உள்ளே ஒரே ஒரு ஃபெரெட்.